அங்கமுத்து வண்டி

ஓட்டுநர் இருக்கையின் நாலு போல்ட்டையும் கழற்றி, இருக்கையைத் தூக்கி வாசலில் போட்டான்.

அது ஓர் ஆளின் அளவுக்குக் குழிந்திருந்தது. ஒரே ஒரு முறை அதில் உட்கார்ந்து பார்த்திருந்தான். குழி அவனுக்குப் பெரிதாக இருந்தது.

துணி உலர்த்திக்கொண்டிருந்த வசந்தாமணி பார்த்தாள்.

அவளை அவன் கட்டிக்கொண்டு எட்டு மாதம். அதற்கு முன்னால் பதினாறு வருடம் அவள் அங்கமுத்துவின் மனைவி. அங்கமுத்து நெஞ்சுவலியில் போய் நாலு வருடம் ஆகிறது. விட்டுப்போனது இந்த வீடும், எழுபத்தெட்டாம் வருடத்து ஜீப் பிக்கப்பும். திருச்செங்கோட்டைச் சுற்றியிருக்கும் கடைகளுக்கெல்லாம் முட்டை போட்ட வண்டி.

"சும்மா நின்னு துருப்புடிக்குதுங்க. ஓட வெய்யுங்களே" என்று அவள்தான் கேட்டாள்.

உடனே சரி என்றான். தன் மேலுள்ள பிரியத்தில் என்று அவள் நினைத்திருப்பாள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

சுவரில் இருந்த படத்தோடு அவனுக்குத் தகராறு இல்லை. மாலையும் பொட்டும் வைத்துவிட்டால் எல்லா ஆண்களும் ஒரே மாதிரிதான் தெரிகிறார்கள். வண்டிதான் கண்ணை உறுத்தியது. அவளும் அங்கமுத்துவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் ஊராகப் போன வண்டி.

பொறாமைதான். வேறு என்ன பெயர் வைப்பது?

போர்வெல் ரிக் பட்டறையில் அவன் இருபது வருட மெக்கானிக். தேய்மானத்தை வைத்தே ஓட்டினவன் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுவான். எஞ்சினைப் பிரிக்கும்போது கை பரபரத்தது. ஆயில் மாற்றாத சோம்பேறியாக இருக்கலாம். கியரை அடித்துத் தள்ளும் முரடனாக இருக்கலாம். ஏதாவது ஒன்று அகப்பட்டால் போதும்.

பல்சக்கரத்தில் ஒரு பல்கூட உடைந்திருக்கவில்லை.

கிளட்ச் தட்டு சீராகத் தேய்ந்திருந்தது. பொறுமைசாலி. மேட்டில்கூட அவசரப்படாதவன்.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சண்டைக்காரனாகவோ குடிகாரனாகவோ இருந்து செத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

சங்ககிரி காயலான் கடையில் பின்பக்கம் நொறுங்கிய புதுக்கார் ஒன்று கிடந்தது. எஞ்சின், கியர்பெட்டி, ஸ்டியரிங், டிஸ்க் பிரேக், இருக்கைகள், கதவுப் பூட்டுகள் என்று ஒன்று விடாமல் கழற்றி எடுத்துவந்தான். புது எஞ்சின் பழைய அடிச்சட்டத்தில் உட்கார மறுத்தது. தாங்கிகளை அறுத்து வேறு இடத்தில் வெல்டிங் வைத்தான். ஒயரிங் முடித்த பிறகும் அது கிளம்பவில்லை. அந்தக் காரின் சொந்தச் சாவி இல்லாமல் நகரமாட்டேன் என்றது. மறுபடி சங்ககிரிக்குப் போய், குப்பையோடு குப்பையாகக் கிடந்த சாவியைத் தேடி எடுத்தான்.

நாலு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே போயின.

ஒவ்வொரு பழைய சாமானைத் தூக்கிப் போடும்போதும் மனசு குளிர்ந்தது. "அங்கமுத்து வண்டி எப்பங்க ஓடும்?" என்று யாராவது கேட்டால் மட்டும் அவன் வண்டிக்கடியில் புகுந்துகொண்டான்.

கடைசியில் மிஞ்சியது தகர உடம்பும் நம்பர் பலகையும்தான். நீலமாக இருந்த உடம்புக்கும் சிவப்பு அடித்தான்.

தை வெள்ளிக்கிழமை காலையில் வசந்தாமணி நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாள். பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. சத்தமே இல்லை. அவள் பட்டுச்சேலை கட்டி அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அலுங்காமப் போகுதுங்க" என்றாள்.

அவன் மீசைக்குள் சிரித்துக்கொண்டான். ஜெயித்தாயிற்று.

மாரியம்மன் கோயில் முன்னால் நிறுத்தினான். இறங்கி, அர்ச்சனைத் தட்டோடு பத்தடி நடந்தான். பின்னால் கதவுச் சத்தம் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தான்.

அவள் இறங்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் எந்த அவசரமும் இல்லை. அப்படியொரு நிம்மதியான முகத்தை இந்த ஒரு வருடத்தில் அவன் பார்த்ததே இல்லை.

ஜன்னலோரம் போய் நின்றான்.

"கதவத் தொறந்து உடுங்க. உள்ளாற இருந்து தொறக்க..."

பாதியில் நிறுத்தினாள். முகம் வெளுத்துவிட்டது.

கதவின் உள்பக்கம் புதுக் கைப்பிடி பளபளத்தது. அதை மாட்டும்போது திருப்புளி எடுத்துக் கொடுத்தவளே அவள்தான்.

அவனுக்குப் புரிந்தது. அந்தக் கதவின் பழைய பூட்டு துருவேறி இறுகிக் கிடந்தது. வெளியிலிருந்து மட்டுமே திறக்கும். அங்கமுத்துவிடம் கண்டுபிடித்த ஒரே அலட்சியம் என்று அன்றைக்குச் சந்தோஷமாகத் தூக்கி எறிந்திருந்தான்.

எத்தனை கடை, எத்தனை கோயில், எத்தனை வீட்டு வாசல். ஒவ்வோர் இடத்திலும் ஒருவன் வண்டியைச் சுற்றி வந்து அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறான்.



அவள் அவசரமாகக் கைப்பிடியைத் தேடினாள்.

"இரு" என்றான்.

தட்டை வண்டியின் மூக்கில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினாள். இறங்கும்போது, பார்க்காமலேயே, அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அங்கே ஒரு தோள் இருக்கும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை பட்டறைக்குக் கிளம்புமுன் அவன் வண்டியிடம் போனான். அவள் பக்கத்துக் கதவின் உள்கைப்பிடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.