பச்சைக் கம்பளம்

"முன்னால போற மாமா பொய் சொன்னா, பின்னால வர்ற மாமா என்ன பண்ணுவாரு?"

தூக்கு நாற்காலியில் அம்மாவின் மடியில் உட்கார்ந்து வந்த ஒரு சிறுமி எப்போதோ கேட்டது. முன்கழி தாங்கிய லுவோ அன்று சிரித்துவிட்டான்.

நாற்காலி தூக்குகிறவர்களில் பின்னால் வருபவனுக்குப் பாதை தெரியாது. நாற்காலியும் அதில் இருப்பவரின் முதுகும் மறைத்துவிடும். முன்னால் போகிறவன்தான் அவனுக்கும் கண். பாதையில் இருப்பதை முன்னவன் கூவுவான். கேட்டுக்கொண்டேன் என்று பின்னவன் பதில் கூவுவான்.

"கல்லு ஒண்ணு காத்திருக்கு!"

"கும்பிட்டு ஒதுங்கிக்கிறேன்!"

இன்று காலை, பெரிய புத்தர் சிலை இருக்கும் மலையின் அடிவாரத்தில் மூங்கில் குச்சி எடுத்து ஜோடி பிரித்தபோது, லுவோவுக்கும் பெங்குக்கும் ஒரே நாற்காலி விழுந்தது.

"ஒரே கூடையில ரெண்டு சேவலா!" என்றான் மேஸ்திரி தாங். "கொத்திக்கிறதெல்லாம் ஆளை எறக்கிவிட்டப்புறம் வெச்சுக்கங்கப்பா."

"இவன்கூடவா? நான் வீட்டுக்குப் போறேன்," என்றான் லுவோ.

"போயேன். பொண்டாட்டிகிட்ட என்ன சொல்லுவே? இன்னைக்கு புத்தருக்கு லீவுன்னா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். பெங் சிரிக்கவில்லை. பின்கழிகளுக்கு நடுவில் போய் நின்றுகொண்டான்.

லுவோவின் தம்பி ஷுன், இதே பெங்குக்கு முன்னால் கழி தாங்கியவன். சில வருஷங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், பெரிய புத்தரின் தோளுக்குப் பின்னால் பாதை திரும்பும் இடத்தில், பாசியில் வழுக்கிச் சரிவில் உருண்டு சிங்யி ஆற்றில் விழுந்து இறந்தான்.

பெங் பின்கழியை விடவில்லை. நாற்காலியில் இருந்த பெரியவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

பெங் செய்தது சரி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். லுவோ சொல்லவில்லை. கழியைப் போட்டுவிட்டுக் கையை நீட்டியிருக்கலாம். அதற்குப் பிறகு அவன் பெங்கிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இன்று பேசித்தான் ஆகவேண்டும்.

"குழி ஒண்ணு வாயைப் பொளந்திருக்கு, ஒன்னையத்தான் தேடுது!"

"இன்னும் கொஞ்ச நாள் தேடட்டும்!"

"கிளை தாழ்ந்திருக்கு, தலைக்கனம் புடிச்சவன் குனியணும்!"

"குனிஞ்சாச்சு, குனிஞ்சாச்சு!"

செங்டுவிலிருந்து வந்த பெண் நாற்காலியில் சாய்ந்தபடி, கீழே வளைந்து போகும் ஆற்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். "எவ்வளவு அழகா பாடுறீங்க!" என்றாள்.

பாதை திரும்பும் இடம் வந்தது.

இரவு பெய்த மழையில் பாசி தடித்துப் பளபளத்தது. பக்கத்தில் சரிவு. அடியில் ஆறு.

லுவோ பாசியைத் தாண்டிக் காய்ந்த விளிம்பில் காலை வைத்தான்.

'பச்சைக் கம்பளம் விரிச்சிருக்கு' என்று கூவ வேண்டும். அவன் வாயை மூடிக்கொண்டான்.

நாற்காலியில் ஒரு பெண் இருக்கிறாள் என்பதே அந்த நொடியில் அவனுக்கு நினைவில் இல்லை.

"ஏங்க, பாட்டை நிறுத்திட்டீங்க?" என்றாள் அவள்.

பின்னாலிருந்து பெங்கின் குரல் வந்தது.

"மாப்பிள்ளை மெதுவா நடக்குறாரு!"

பச்சைக் கம்பளத்துக்கு உரிய பதில். கழி அசங்காமல் பாசியைக் கடந்து வந்தது.

"நான் ஒண்ணும் கூவலையே," என்றான் லுவோ திரும்பாமல்.

"ஒனக்குச் சொல்லல. ஷுனுக்குச் சொன்னேன்."

லுவோ நின்றுவிட்டான்.

"வழுக்கினப்போ அவன் எதையும் புடிக்கப் பாக்கல. ஐயோன்னுகூடக் கத்தல. பச்சைக் கம்பளம்னு எனக்குக் கூவிட்டுத்தான் விழுந்தான். அதனாலதான் நான் அடுத்த அடி வைக்கல. பதில் சொல்றதுக்குள்ள ஆள் இல்ல. அதான், இந்த எடத்தைத் தாண்டும்போதெல்லாம் சொல்லிட்டுப் போறேன்."

"இத்தனை வருஷம் ஏன் வாயத் தொறக்கல?"

"தொறந்திருந்தா நம்பியிருப்பியா?"

லுவோ தோளில் கழியைச் சரிசெய்துகொண்டான்.

"படி எறங்குது!" என்று கூவினான்.

"எறங்குறேன்!"

கீழே வந்ததும் இருவரும் சமாதானம் ஆகிவிடவில்லை. பெங் மரத்தடியில் நூடுல்ஸ் கிண்ணத்தோடு உட்கார்ந்தான். லுவோ எதிர்ப் பக்கம் போய் உட்கார்ந்தான்.

"என்னப்பா, கொத்திக்கலையா?" என்றான் தாங்.

"ஒன் வேலையப் பாரு," என்றான் லுவோ.

மாலையில் கடைசி நாற்காலியும் இறங்கி, எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, அவன் மட்டும் ஓர் இரும்புத் தகட்டோடு மலை ஏறினான்.

பாதை திரும்பும் இடத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தான். முன்னவன் கால் படும் இடத்தை விட்டுவிட்டு, பின்னவன் கால் படும் இடத்திலிருந்து தொடங்கினான். பாசி உரிந்து கல் வெளுக்கும்வரை சுரண்டினான். மேலே மணலை வாரித் தூவினான்.

பெரிய புத்தர் எப்போதும்போல் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் இருந்தது அவருடைய முதுகு மட்டும்தான்.