காத்தடிக்கிற நாளில மணி

“மணி தவறினா…” என்று தொடங்கி, பள்ளிக்கூடத்தின் பழைய அதிபர் அருமைநாயகம் சேர் ஒன்று சொல்லுவார். மீதி திவாகரனுக்கு ஞாபகமில்லை. பள்ளிக்கூடம் தவறும் என்றோ, ஊர் தவறும் என்றோ முடியும். சேர் அதைச் சொல்லும்போதெல்லாம் இவன் கடைசி வரிசையில் குனிந்து, முன்னால் இருப்பவனின் சப்பாத்து நாடாவைக் கதிரைக் காலோடு கட்டிக்கொண்டிருப்பான்.

இப்போதைய அதிபர் தங்கராசாவுக்கும் மீதி ஞாபகமில்லை. ஆனாலும் சொன்னார்.

“மணி தவறினா எண்டு சேர் சும்மாவா சொன்னவர்? தம்பி, நீ கொம்பியூட்டரில பூட்டித் தந்த மணி சில நாளில பிந்தி அடிக்குது. அடுத்த நாள் பாத்தா ஒண்டும் நடக்காத மாதிரிச் சரியா அடிக்குது. உன்ட மெசினுக்குப் பேய் பிடிச்சிட்டா?”

“மெசினில பிழை இல்ல, சேர்.”

“இல்லாட்டி நல்லம். பக்கத்துப் பள்ளிக்கூடங்களும் உன்னட்ட மணி எடுக்க யோசிக்கிறாங்க. நான் ஒரு சொல்லுச் சொன்னாத்தான் எடுப்பாங்க.”

நாவற்குடாவில் ஓர் அறையும் இரண்டு கதிரையும்தான் திவாகரனின் கம்பனி. அது நிற்பதும் படுப்பதும் அந்த ஒரு சொல்லில் இருந்தது.

கணினி அறைக்குப் போய் மணியின் அமைப்புக் கோப்பைத் திறந்தான். சின்னக் கோப்பு. எந்த நேரம் அடிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். மணியின் நிரல், லைப்ரரி எனப்படும் ஓர் ஆயத்த நிரல்தொகுப்பின் உதவியோடு அதை வாசித்துவிட்டுத்தான் அடிக்கும். ஏழரை என்று இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஏழு நாற்பது என்று மாற்றியிருந்தார்கள். அதற்கு மேலே ‘#’ குறி போட்டு ஒரு சொல்: காத்து.

அந்தக் குறி போட்ட வரியை மெசின் பார்க்காது, மனிசருக்கு மட்டும்தான் என்று ஆசிரியர்களுக்கு வகுப்பெடுத்தவன் இவனேதான்.

“காத்தா? பேய்தான் எண்டு நான் சொல்லல்லையா?” என்றார் அதிபர்.

“பேயில்ல சேர். ஆரோ விளையாடுறாங்க.”

அதிபர் குரலைத் தாழ்த்தினார். “ஆர்த்திகா ரீச்சரா இருக்குமோ? கொம்பியூட்டர் படிப்பிக்கிறவ. ஸ்கூட்டியில மணியோட மணியாத்தான் வந்து விழுவா.”

வாசலில் சாவிக்கொத்துக் குலுங்கியது. உப அதிபர் சீதேவிப்பிள்ளை ரீச்சர். காலையில் அறைகளைத் திறப்பவரும், மணி அடித்ததும் கேட்டைப் பூட்டுகிறவரும் அவர்தான். ஒரு காலத்தில் திவாகரனையே கேட்டுக்கு வெளியே முட்டுக்காலில் விட்டவர்.

“என்னட்ட ஒண்டும் கேக்காதீங்க,” என்றார், மேசையில் கிடந்த மவுசைப் பார்த்து. “உந்த எலியைப் பிடிக்கவே எனக்குத் தெரியாது.”

திவாகரன் நிரலில் ஒரு வரி சேர்த்தான். இனி லைப்ரரி கோப்பை வாசிப்பதோடு நிற்காது. ஒவ்வொரு காலையும் மணிக்குச் சற்று முன், தானே அதைப் புதிதாக எழுதும். யார் எதை மாற்றியிருந்தாலும் துடைத்துவிட்டு, ஏழரை என்று எழுதும்.

மறுநாள், ஏழரை மணி கேட்டு முழிக்கப்போகும் கள்ளனின் முகத்தைப் பார்க்கவென்றே முன்னேரத்தோடு வந்து கேட்டடியில் நின்றான். வாவிக் காற்று சேர்ட்டைப் பிய்த்தது. ஆர்த்திகா ரீச்சர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார், வழமையைவிட முந்தியே. சீதேவிப்பிள்ளை ரீச்சர் பூட்டும் கையுமாக, படகுத் துறையடி வீதியைப் பார்த்தபடி அவசரமில்லாமல் நின்றார்.

மணி அடித்தது. சரியாக ஏழரை.

சீதேவிப்பிள்ளை ரீச்சர் திடுக்கிட்டுக் கைமணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு கேட்டை இழுத்துப் பூட்டினார்.

கொஞ்ச நேரத்தில் துறையடிப் பக்கமிருந்து பிள்ளைகள் ஓடி வந்தார்கள். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து படகில் வருகிற பிள்ளைகள். வெள்ளைச் சட்டை பாதி நனைந்திருந்தது. பூட்டைக் கண்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“காத்துக்குப் படகு பிந்தியிருக்கும், ரீச்சர். திறந்து விடுங்களன்,” என்றான் திவாகரன்.

“திறந்தா, நாளைக்கு வீட்டில நித்திரை கொண்டவனும் காத்து எண்டுவான். மணி அடிச்சாப் பூட்டு. அதில மாத்தமில்ல.”

ரீச்சர் இவன் பக்கம் திரும்பாமலே குரலைத் தாழ்த்தினார்.

“அதுக்குத்தானே மனே மணியை மாத்தி வெச்சனான். நீ படிப்பிச்ச மாதிரியே அந்தக் குறியும் போட்டு, காரணமும் எழுதித்தான் வெச்சனான். இண்டைக்கு ஏன் உன்ட மெசின் கேக்கல்ல?”

திவாகரன் கணினி அறைக்குப் போனான். நேற்றுச் சேர்த்த, கோப்பை எழுதும் வரியை அழித்தான். வாசிக்கும் வரியை அப்படியே விட்டான். பிறகு அதிபரின் அறைக்குப் போய்ச் சொன்னான்:

“பிழை என்ட மெசினிலதான், சேர். காத்தடிக்கிற நாளில பிந்தும். திருத்த ஏலாது.”