வெளியே வராதீங்க!

"கதவைத் திறடா, தொனாத்தோ!" கழிவறைக்குள்ளிருந்து ரோக்கோ கத்தினார்.

"மாட்டேண்ணே. மூணு கோல் வாங்கி, நம்ம கதை முடிஞ்சதுன்னு இருந்தோம். நீங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உள்ளே போனீங்க, நம்மாளுங்க உடனே ஒண்ணு போட்டாங்க, அப்புறம் வரிசையா இன்னும் ரெண்டு. இப்ப மூணுக்கு மூணு! இன்னும் ஒண்ணு போட்டா கோப்பை நமக்குத்தான்."

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுடா. கண்ணால பாக்கலேன்னா செத்துருவேன்."

"அந்தக் குழாயைத் தொட்டுக்கிட்டு உக்காருங்க. இரும்பைத் தொட்டா கெட்டது அண்டாது."

ரோக்கோ குழாயை இறுகப் பிடித்துக்கொண்டார். திடீரென்று வெளியே ஆரவாரம் அடங்கியது.

"என்னடா ஆச்சு? அவங்க போட்டுட்டாங்களா?"

யாரோ மூச்சிரைக்க ஓடிவந்தார்கள்.

"சால்வோ கால் பிசகி விழுந்துட்டான்! அவனுக்குப் பதிலா யாரை இறக்கறதுன்னு கேக்கறாங்க!"

ரோக்கோ கதவை ஓங்கிக் குத்தினார்.

"திறடா! இந்த டீமுக்குக் கோச் நானா, நீயா?"

"நீங்கதாண்ணே. ஆனா நீங்க மைதானத்துல நின்னப்பதான் மூணையும் வாங்கினோம். பேரை மட்டும் உள்ளேயிருந்தே சொல்லுங்க!"