சிவப்பு நூல்

"இதப் பாத்தா நெசமான ரேஸ் கார் மாதிரியா இருக்கு, நாஸியா?"

அண்ணன் அதீப் அப்படிக் கேட்ட அன்று, மேசையில் இருந்த காரை அவள் குனிந்து பார்த்தாள். அறுபதுகளில் ஓடிய அமெரிக்க டிராக் ரேஸ் காரின் சின்ன மாடல் அது. புனே மாடல் போட்டியில் ஜெயித்தால் மும்பை இறுதிச் சுற்றுக்குப் போகலாம் என்று மாதக்கணக்கில் தேய்த்து ஒட்டியிருந்தான். ஆனால், பழைய போட்டோவில் எஞ்சின்மேல் தெரிந்த ஒயர்கள் இதில் இல்லை.

போட்டிக்கு முதல் நாள் அவன் வேலைக்குப் போனதும், தன் துப்பட்டாவிலிருந்து சிவப்பு நூலை உருவி, ஒயர்களை அவளே ஒட்டிவிட்டாள்.

மறுநாள், புனேயின் மகர்பட்டா அரங்கில் நடுவர் லென்ஸோடு குனிந்தார்.

"க்யா பாத் ஹை! ஒயர்கூட அசல் மாதிரியே இருக்கிறதே!"

நாஸியாவுக்கு உச்சி குளிர்ந்தது. அதீப் திடுக்கிட்டுக் காரைப் பார்த்தான்.

மாடல் பாகங்கள் வந்த கிட் பெட்டியிலிருந்த படத்தாளை நடுவர் விரித்தார். இந்தியிலேயே தொடர்ந்தார்.

"இந்த நூல் கிட்டில் கிடையாதே தம்பி. பெட்டியில் வந்ததை மட்டும் வைத்துச் செய்கிற பிரிவில்தானே பேர் கொடுத்திருக்கிறாய்? வெளியிலிருந்து எதைச் சேர்த்தாலும் போட்டியில் இடமில்லை. யார் ஒட்டியது?"

அதீப்பின் பார்வை அவளுடைய சிவப்புத் துப்பட்டாவில் வந்து நின்றது. அவள் அதன் முனையை விரல்களுக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"நான்தான் சார்," என்றான் அவன்.

காரைப் பெட்டிக்குள் வைத்து மூடினான்.

"அண்ணே, நான் வந்து..."

பெட்டியை எடுத்துக்கொண்டு அவளைக் கடந்து வெளியே போய்விட்டான்.