செல்லப் பிள்ளை

நாற்பது வயதிலேயே கடிகாரக் கடைக்காரருக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. ரத்தக்குழாய் அடைப்பை நீக்கிய டாக்டர் கட்டிலருகே வந்து கேட்டார்.

"சின்ன வயசுல ஓடியாடி விளையாடுவீங்களா? சாப்பாடெல்லாம் எப்படி? இது நேத்து ஆரம்பிச்ச அடைப்பு இல்ல."

அவர் வாய் திறப்பதற்குள் தபால்காரத் தம்பி முந்திக்கொண்டான்.

"டாக்டர், அண்ணன்தான் எங்க அம்மாவுக்குச் செல்லம். கேட்டா ஐஸ்கிரீம், சிணுங்கினா சிப்ஸ். டிவி முன்னாடியே தட்டு வந்துடும். நான் ஒரு மிட்டாய் கேட்டா, முதுகுல ரெண்டு வச்சு மைதானத்துக்கு விரட்டிடுவாங்க."

படுத்த படுக்கையிலும் கடைக்காரருக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அம்மாவின் மனதில் தனக்கே முதலிடம் என்று நம்பி வளர்ந்தவர் அவர்.

டாக்டர் போனதும், கட்டிலருகே உட்கார்ந்திருந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் ரெண்டு வச்சு விரட்டியிருக்கலாமேம்மா" என்றார் விளையாட்டாக.

அம்மா சிரிக்கவில்லை.

"அவன் நான் பெத்த பிள்ளை. அடிச்சாலும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. உன்னை ஒரு வார்த்தை அதட்டினா, 'பெத்தவளா இருந்தா இப்படிச் செய்வாளா'ன்னு ஊரே பேசும். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் நீ கேட்டதையெல்லாம் குடுத்தேன்."

"பாசத்துல இல்லையா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

நாலு வயதில், "இனிமே இவங்கதான் உனக்கு அம்மா" என்று அப்பா காட்டிய நாளிலிருந்து அவளை வேறாக நினைத்தே பார்க்காதவர், பிடித்திருந்த கையை மெல்ல விட்டார்.

"நேரமாச்சு. நீங்க வீட்டுக்குப் போங்க, சித்தி" என்றார்.