மாஸ்டர் வீட்டுக் கரண்ட் அடுப்பு

"அண்ணி, அப்பாவோட கேஸ் அடுப்பு எங்கே?"

ஊரிலிருந்து வந்த மகள், கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள். சமையல் மேடையில் கறுப்புக் கண்ணாடி பதித்த கரண்ட் அடுப்பு ஒன்று பளபளத்தது.

"கொடுத்துட்டேன். இது துடைக்க சுலபமா இருக்கு" என்றாள் அண்ணி, தட்டுகளை அடுக்கியபடி.

மகளுக்குச் சுருக்கென்றது. அப்பா பாதி ஆயுசை ஹோட்டல் அடுப்பின் முன்னால் கழித்தவர். இப்போதும் தெருவே அவரை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடும். அம்மா போன பிறகு வீட்டுச் சமையலும் அவர் கையில்தான். அந்த மனுஷனிடமிருந்து தீயைப் பிடுங்கிவிட்டாளே இந்த அண்ணி!

அப்பா வழக்கமான ருசியில் சமைத்திருந்ததைச் சாப்பிட்டதும், ஹாலில் அண்ணனைப் பிடித்தாள்.

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லாம இருப்பேனா? கரண்ட் பில் எகிறுது. பாதிப் பாத்திரம் இந்த அடுப்புல சூடே ஏறலை, எல்லாம் பரண்ல கிடக்கு. நேத்து அவளே பாலைத் தீய விட்டுட்டு அடுப்பைத் திட்டினா."

"அப்புறம் எதுக்கு வாங்கினாங்களாம்?"

"கேட்டா, 'எனக்கு இதுதான் வேணும்'கறா. உன் அண்ணி ஒண்ணு நினைச்சுட்டா நினைச்சதுதான்."

மகளுக்குக் கோபம் போய் இப்போது குடைச்சல் பிடித்துக்கொண்டது. தனக்கே பிடிக்காத அடுப்பை ஒருத்தி ஏன் அடம்பிடித்து வாங்க வேண்டும்? மாமனாரைச் சமையலறையை விட்டு விரட்டவா? ஆனால் இன்றைக்கும் அப்பாதானே சமைத்தார்!

பால்கனியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அப்பாவிடம் போனாள்.

"புது அடுப்பு பிடிச்சிருக்காப்பா?"

"தீயைப் பார்க்காம சமைக்கிறது, ஆளோட மூஞ்சியைப் பார்க்காம பேசற மாதிரி இருக்கும்மா."

"அவ்வளவுதானே! நாளைக்கே உங்களுக்கு நான் கேஸ் அடுப்பு வாங்கித் தரேன். அண்ணி என்ன சொல்றாங்கன்னு பார்த்துடறேன்." போனில் கடை நம்பரைத் தேட ஆரம்பித்தாள்.

மாஸ்டர் அவள் கையைப் பிடித்தார். "வேண்டாம்."

"ஏம்ப்பா? மருமகளுக்கு அவ்வளவு பயமா?"

அவர் சமையலறைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கு அடுப்புல தண்ணியை வச்சுட்டு, திரும்பி உட்கார்ந்து காய் நறுக்கிட்டு இருந்தேன். தண்ணி பொங்கித் தீ அணைஞ்சிருக்கு. கேஸ் மட்டும் வந்துகிட்டே இருந்திருக்கு. உன் அண்ணி வேலையிலேர்ந்து வந்தவ, வாசல்லேர்ந்தே செருப்போட ஓடி வந்தா. 'ஸ்விட்ச்சைத் தொடாதீங்க மாமா'ன்னு கத்திட்டே கேஸை மூடினா, ஜன்னலையெல்லாம் திறந்தா."

"அய்யோ! உங்களுக்கு நாத்தமே தெரியலையா?"

"போன தடவை காய்ச்சல் வந்தப்போ மூக்குக்கு வாசனை தெரியாம போச்சு, திரும்பி வரவே இல்லம்மா. மாஸ்டருக்கு மூக்கு போச்சுன்னு எப்படி வெளியில சொல்றது? உன் அண்ணன்கிட்டகூடச் சொல்லலை."

மகள் போனை இறக்கினாள்.

"அண்ணி ஒண்ணும் கேக்கலையா?"

"'ஜலதோஷமா மாமா?'ன்னா. ஆமாம்னேன். நம்பலைன்னு அவ மூஞ்சியே சொல்லிச்சு. ஆனா அதுக்கு மேல ஒரு வார்த்தை கேக்கலை. மறுநாள் இந்த அடுப்பு வந்து இறங்கிடுச்சு. வீட்டுல எல்லாரும் அவளைத் திட்டினாங்க. வாங்கிக் கட்டிக்கிட்டா."

மகள் போனைப் பைக்குள் போட்டாள். பிறகு சந்தேகம் வந்தது.

"வாசனையே தெரியாம எப்படிப்பா இன்னும் அதே ருசியில சமைக்கறீங்க?"

மாஸ்டர் சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

"நான் அடுப்புகிட்டப் போனா, அவ சும்மா வந்து நிக்கற மாதிரி பக்கத்துல நிப்பா. 'அப்பப்பா, வெங்காயம் வதங்கற வாசனை ஆளைத் தூக்குது மாமா'ம்பா. அதுக்கப்புறம்தான் நான் அடுத்ததைப் போடுவேன்."