கோப்பையில் ஒரு கடல்

ஆய்வுக்கூட இயக்குநர் தேநீர் குடிக்கும் கோப்பையைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் கண்டுபிடித்த ராட்சதக் கோள், வழவழப்பான பீங்கானில் நீலக் கடலும் பச்சைக் கரையுமாக இளிக்கிறது. ஜன்னல் வெயிலில் அந்தக் கடல் மினுங்க வேறு செய்கிறது. வருடக்கணக்காகக் கண்ணைக் கசக்கி அவள் பார்த்ததெல்லாம், எங்கோ ஒரு நட்சத்திரத்தின் ஒளி திரையில் நூலளவு மங்கித் தெளிந்ததை மட்டும்தான். “சார், அது முழுக்க வாயு. கால் வைக்கத் தரையே கிடையாது.” “தெரியும்மா. தரை இல்லாத கோளுக்கு யாரு கைதட்டுவாங்க? மனுஷன் வாழலாம்னு சொன்னாத்தான் கூட்டம் வரும்.” அவர் நிதானமாக உறிஞ்சுகிறார். “அப்போ முதல்ல நீங்க குடும்பத்தோட போய்க் குடியேறுங்க.” மேசைக்கடியில் பெட்டி பெட்டியாக அதே கடல். ஒரு கோப்பையை உருவியெடுத்து நகத்தால் சுரண்டுகிறாள். கடல் அப்படியே இருக்கிறது, நகம்தான் உடைகிறது.